ஓவாமலையில் ஒரு பள்ளி

மதுரைக்கு வடகிழக்கே, மேலூர்ச் சாலையிலிருந்து விலகிச் செல்லும் கிளைப்பாதையில், மாங்குளத்தை அடுத்து மீனாட்சிபுரம் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அருகே உள்ள மலையை ஊரார் ஓவாமலை என்பர். கழுகுமலை என்பாரும் உளர். 1882ஆம் ஆண்டில் இராபர்ட் சுவெல் என்னும் ஆங்கில அதிகாரி இம்மலைக் குகைகளின் நெற்றியில் எழுத்துகள் வெட்டப்பட்டிருப்பதைக் கண்டு வெளியுலகுக்கு அறிவித்தார். தமிழ் மண்ணில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் இவையே. ஆயினும் இவை தமிழ் என்பது அன்று எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அசோகனின் பாறை ஆணைகளில் உள்ள எழுத்தை ஒத்திருந்தமையால் மொழியும் பிராகிருதமாகவே இருக்கும் என்று கருதிப் படிக்க முயன்றவர்கள் இடர்ப்பட்டார்கள். 1924இல் சென்னையில் கூடிய அகில இந்தியக் கீழ்த்திசை மாநாட்டில்தான் கே.வி. சுப்பிரமணிய அய்யர் இக்குகை எழுத்துகளின் மொழி தமிழே என்று எடுத்துக்காட்டினார். அதன் பின்னும் நாற்பது ஆண்டுகள் கழித்து, 1965இல், ஐராவதம் மகாதேவன் இவற்றுள் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் இருப்பதைப் படித்துக் கூறினார். சங்கப் பாடல்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த ஓர் அரச பெயருக்கு இவ்வாறு கல்லில் சாட்சியம் கிடைத்தது.

ஓர் எழுத்து கண்ணில் பட்ட நாளுக்கும் அது படிக்கப்பட்ட நாளுக்கும் இடையே 83 ஆண்டுகள் கடந்திருக்கின்றன. அவ்வளவு காலமும் மலையடிவார மக்கள் அக்குகைகளின் நிழலில் ஆடு மேய்த்தும், மழைக்கு ஒதுங்கியும், அங்குள்ள வழவழப்பான கற்படுக்கைகளைப் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்று அழைத்தும் வந்திருக்கிறார்கள். பெயர் பிழையெனினும் அப்பெயர் செய்த நன்மையை நாம் மறுப்பதற்கில்லை. பெரியவர்கள் படுத்த இடம் என்ற எண்ணம் இருந்தவரையில் எவரும் அங்கே உளியை ஓங்கவில்லை.

அரபுக் கல்லூரி மாணவர்களை இம்மலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்ற எண்ணம் நமக்கு வகுப்பறையில்தான் தோன்றியது. ஸமூது கூட்டத்தாரைப் பற்றிய வசனங்களின் விரிவுரையைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் ஹிஜ்ர் பள்ளத்தாக்கின் படங்களைக் காட்டுவது நம் வழக்கம். இன்று அங்கே காணப்படும் பாறை முகப்புகள் நபத்தீயர்கள் வெட்டியவை. நூற்றுக்கும் மேற்பட்ட அக்கல்லறைகள் பெரும்பாலும் கி.மு. முதல் நூற்றாண்டுக்கும் கி.பி. முதல் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. 2008இல் அவ்விடம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மாணவர்கள் ஹிஜ்ரை அறிவார்கள், பெட்ராவை அறிவார்கள், பாபிலோனையும் ஓரளவு அறிவார்கள். ஆனால், அதே காலத்தில், அதற்குச் சற்று முன்னரும்கூட, தம் விடுதியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் மனிதர்கள் பாறையைக் குடைந்து அதில் தம் பெயரைத் தம் மொழியில் எழுதி வைத்தார்கள் என்பதை அவர்களுள் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைக் காணுமாறு திருமறை பல இடங்களில் பணிக்கிறது. அப்பயணத்துக்குக் கடவுச்சீட்டு வேண்டும் என்று எங்கும் கூறப்படவில்லை.

தை மாதத்து விடுமுறை நாளொன்றில் ஸுப்ஹுத் தொழுகை முடித்துப் புறப்பட்டோம். வழிகாட்டியாக, கல்வெட்டுத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அறிஞர் ஒருவர் உடன் வந்தார். மதுரையில் இத்தகைய பயணங்கள் புதியன அல்ல. 2010 முதல் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னின்று நடத்திவரும் 'பசுமை நடை' இயக்கம் மதுரையைச் சூழ்ந்த குன்றுகளுக்கெல்லாம் நகர மக்களை அழைத்துச் சென்றிருக்கிறது. குழந்தைகளும் முதியோரும் ஒரு பாறையடியில் அமர்ந்து கல்வெட்டறிஞர் ஒருவரின் உரையைக் கேட்பது என்பது இந்நகரின் ஞாயிற்றுக்கிழமைக் காட்சிகளுள் ஒன்றாகிவிட்டது.

முதலில் ஒத்தக்கடை. யானை படுத்திருப்பது போன்ற தோற்றத்தால் யானைமலை எனப் பெயர் பெற்ற அவ்வொற்றைக் கற்குன்றை மதுரைக்கு வருவோர் எவரும் காணாமல் வர இயலாது. அதன் அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரையைப் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி கி.பி. 770இல் குடைவித்தான், பணி முடியுமுன் அவன் இறந்துவிட, அவன் தம்பி மாறன் எயினன் முகமண்டபத்தைக் கட்டி முடித்தான். வட்டெழுத்திலும் கிரந்தத்திலும் இச்செய்திகள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. மலையின் மேற்பகுதியில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கின்றன. 2010 வாக்கில் இம்மலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் ஒன்று பேசப்பட்டது, ஊர் மக்கள் எதிர்த்தனர், அது கைவிடப்பட்டது. இங்கு நாம் நெடுநேரம் தங்கவில்லை. திருப்பரங்குன்றத்தைப் பற்றியும் இக்கட்டுரையில் எழுதப் போவதில்லை. சமணர் படுக்கையும், பாண்டியர் குடைவரையும், சிக்கந்தர் தர்காவும் ஒரே பாறையில் அமைந்த அம்மலை தனிக் கட்டுரைக்கு உரியது. அமைதியான மனநிலையில் எழுதப்பட வேண்டியதும்கூட.

அரிட்டாபட்டியை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர். குன்றுகளில் விழும் மழை ஓடைகளாகவும் சுனைகளாகவும் இறங்கிக் கண்மாய்களை நிறைக்கிறது. அரசுக் குறிப்பு 72 ஏரிகளையும் 200 சுனைகளையும் கணக்கிடுகிறது. கழிஞ்சமலையின் ஒருபுறம் எட்டாம் நூற்றாண்டுச் சிவன் குடைவரை. அதில் தமிழகத்தில் அரிதாகக் காணப்படும் இலகுலீசர் உருவம். மறுபுறம் இயற்கைக் குகைத்தளம். அதன் நெற்றியில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அருகே பாறையில் பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்த தீர்த்தங்கரர் சிற்பம், அதன் கீழ் வட்டெழுத்து. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு எழுத்துகள் ஒரே பாறையில் சில அடி தூரத்தில் இருக்கின்றன. இச்சிற்பங்களோடு தொடர்புடைய அச்சணந்தி என்னும் துறவியின் பெயர் மதுரைக் குன்றுகள் பலவற்றில் காணப்படுகிறது. கீழக்குயில்குடிச் சமணர் மலையின் பேச்சிப்பள்ளத்தில் அவருடைய தாயார் குணமதியாரின் பெயரும் உண்டு. துறவியான மகனின் பெயரோடு தாயின் பெயரையும் சேர்த்து வெட்டிய கை எதுவோ, அதன் மீது நமக்கு மதிப்பு உண்டாகிறது.

பிற்பகலில் மீனாட்சிபுரம் சேர்ந்தோம். கண்மாய்க் கரையின் புளிய மர நிழலில் லுஹர்த் தொழுகையையும் உணவையும் முடித்துக்கொண்டு மலையேறினோம். ஏற்றம் கடினமன்று, ஆயினும் நம் வயதுக்கு இருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. மேலே சென்றதும் குகைத்தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தென்படுகின்றன. இவை மனிதர் குடைந்த குகைகள் அல்ல; பாறை தானாகவே முன்னோக்கிச் சாய்ந்து நிழல் தரும் இடங்கள். மனிதர் செய்தவை இரண்டு. ஒன்று, பாறையின் நெற்றியில் நீளவாக்கில் வெட்டப்பட்ட காடி. மேலிருந்து வழியும் மழைநீர் உள்ளே புகாமல் இவ்விளிம்பில் தடைப்பட்டு வெளியே சொட்டிவிடும். மற்றொன்று, தரையில் செதுக்கிய படுக்கைகள். தலைப்பக்கம் சற்றே உயர்த்தித் தலையணையும் கல்லிலேயே வைத்திருக்கிறார்கள். காடிக்கு அருகே எழுத்துகள். இம்மலையில் மொத்தம் ஆறு கல்வெட்டுகள்.

அவற்றுள் முதலாவது கூறும் செய்தியின் சாரம் இதுதான்: கணி நந்தன் எனத் தொடங்கும் பெயருடைய துறவிக்கு அறமாக, நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் வழுதி என்பவன் இந்தப் பள்ளியைக் கொத்துவித்துக் கொடுத்தான். மற்றொரு கல்வெட்டில் நெடுஞ்செழியனின் உறவினன் ஒருவன் கொடையாளியாக வருகிறான். இன்னும் சிலவற்றில் வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தார், அஃதாவது வணிகக் குழுவினர், கொடையளித்துள்ளனர். அவ்வூர் அருகிலுள்ள வெள்ளரிப்பட்டியாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. அந்நிகமத்தைச் சார்ந்த ஒருவன் 'காவிதி' என்னும் பட்டம் தாங்கியிருக்கிறான். அரசன், அரசனின் அலுவலன், உறவினன், வணிகர், துறவி ஆகிய ஒரு சமூகம் முழுவதும் இந்தச் சில வரிகளில் அடங்கிவிடுகிறது. மகாதேவன் இவற்றைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வைத்தார். கீழடியில் கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே எழுத்து வழக்கில் இருந்தது என்று தமிழகத் தொல்லியல் துறை 2019இல் அறிவித்த பின்னர், இக்காலக் கணிப்பை முன்னே தள்ளுவோரும் உளர். இங்கு வாழ்ந்தவர்கள் சமணரா, ஆசீவகரா என்ற வாதமும் நடைபெறுகிறது. நம்மைப் பொறுத்தவரை மகாதேவனின் முடிவே எச்சரிக்கையானதாகத் தோன்றுகிறது.

அக்கல்வெட்டில் நம் மாணவர்களை நிறுத்தி வைத்த சொல் 'பள்ளி'. அறிஞர் விரலால் ஒவ்வோர் எழுத்தாகச் சுட்டிக்காட்டி அச்சொல்லைப் படித்தபோது, பின்னால் நின்ற இளைய மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், இது நம்முடைய பள்ளிவாசலில் உள்ள பள்ளிதானா?" என்று கேட்டார். அதே சொல்தான். துறவியர் படுக்குமிடம் பள்ளி. அவர்கள் தங்குமிடம் பள்ளி. அவர்கள் எழுத்தறிவித்த இடம் பள்ளிக்கூடம். அரபுநாட்டு வணிகர் வழியாக இம்மண்ணில் இஸ்லாம் அறிமுகமானபோது, தொழுகையிடத்துக்கு மஸ்ஜித் என்னும் அரபுச் சொல் இருக்கவும், தமிழ் முஸ்லிம்கள் தம் ஊரில் ஏற்கெனவே வழங்கிய சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். உருவமில்லா இறைவனை வணங்கும் இடத்துக்குக் 'கோயில்' என்பதை விடுத்துப் 'பள்ளி' என்பதைத் தேர்ந்ததில் ஒரு நுட்பம் இருப்பதாகவே நாம் கருதுகிறோம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒரு துறவிக்காகப் பாறையில் எழுதப்பட்ட சொல்லைத்தான் நாள்தோறும் ஐந்து வேளை நாம் உச்சரித்துக்கொண்டிருக்கிறோம்.

எழுத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். ஏனெனில் அரபு பயில்வோருக்கு இங்கே ஒரு தனி வியப்பு இருக்கிறது. பிராமி எழுத்து பிராகிருதத்துக்கு உரியது. ழ, ள, ற, ன ஆகிய தமிழ் ஒலிகளுக்கு அதில் இடமில்லை. மாங்குளத்துப் பெயர்களைப் பாருங்கள்: நெடுஞ்செழியனிலும் வழுதியிலும் 'ழ', வெள்ளறையில் 'ள'வும் 'ற'வும், கடலனில் இறுதி 'ன'. இவ்வொலிகளுக்கெனப் புதிய எழுத்துகளை வகுத்துக்கொள்ளாமல் இந்த மனிதர்களின் பெயரையே எழுத முடியாது. எழுதினார்கள். பெயரறியாத யாரோ ஒருவர் வடக்கிலிருந்து வந்த எழுத்தை எடுத்துத் தம் நாவுக்கு ஏற்பத் திருத்தியிருக்கிறார். அந்நான்கு எழுத்துகளே முன்னாளில் படிக்க வந்தவர்களைத் தடுமாறச் செய்தவை. அவையே பின்னாளில் இது தமிழ் என்பதற்குச் சான்றாகவும் நின்றவை.

பல நூற்றாண்டுகள் கழித்து இதே பணியை நம் முன்னோர் மறுபடியும் செய்தார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபு எழுத்தில் தமிழை எழுத முற்பட்டபோது அவர்களுக்கும் அதே இடர்ப்பாடு நேர்ந்தது. அரபியிலும் ழகரமில்லை, ளகரமில்லை, டகரமில்லை, பகரமுமில்லை. அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளைச் சேர்த்து அவ்வொலிகளுக்கு உரு அமைத்தார்கள். அர்வி எனப்படும் அரபுத்தமிழ் இவ்வாறு உருவானதே. ஓவாமலைக் கொத்தனுக்கும் காயல்பட்டினத்து ஆலிமுக்கும் இடையில் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால், இருவரும் எதிர்கொண்ட சிக்கல் ஒன்றே, தீர்வும் ஏறக்குறைய ஒன்றே.

மற்றுமொரு ஒப்புமை. மாங்குளத்து எழுத்துகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. தனி மெய் எது, அகரமேறிய உயிர்மெய் எது என்பதைப் படிப்பவரே சூழலால் உணர வேண்டும். புள்ளி பின்னரே வந்து சேர்ந்தது. அரபு எழுத்தின் தொடக்கமும் இத்தகையதே. பா, தா, ஸா, நூன், யா ஆகியவை சொல்லின் இடையில் வரும்போது ஒரே வடிவம். மொழியை அறிந்தவருக்கு அது இடர்ப்பாடன்று. அறியாதவருக்கு ஒவ்வொரு சொல்லும் புதிர். உயிர்க்குறிகளை முதலில் வண்ணப் புள்ளிகளால் இட்டவர் ஹி. 69இல் மறைந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ என்பர். இன்றைய வடிவிலான குறிகளைக் கலீல் இப்னு அஹ்மது வகுத்தார் என்பது மரபு. எழுத்து வேறுபாட்டுப் புள்ளிகள் மிகவும் பிந்தியவை என்று முன்பு பலர் எழுதினார்கள். அக்கருத்தை மாற்றியதும் ஒரு பாறைதான். வட ஹிஜாஸில், ஹிஜ்ருக்கு அருகே கிடைத்த ஸுஹைரின் கல்வெட்டு, ஹி. 24ஆம் ஆண்டில், உமர் (ரலி) அவர்கள் மறைந்த காலத்தைக் குறித்து எழுதப்பட்டது; அதிலேயே சில எழுத்துகளுக்குப் புள்ளி இருக்கிறது. வழிப்போக்கர் ஒருவர் தம் பெயரோடு கீறிய சில வரிகள், நூலாசிரியர்கள் பலரின் கூற்றைத் திருத்திவிட்டன. பாறை இருந்ததால் அது நிகழ்ந்தது. அப்பாறையை எவரேனும் உடைத்து ஜல்லியாக்கியிருந்தால் பழைய கூற்றே நிலைத்திருக்கும்.

இறங்கும் வழியில் மூத்த மாணவர் ஒருவர் எழுப்பிய கேள்வி நாள் முழுவதும் கண்டவற்றை வேறு கோணத்தில் திருப்பியது. அவர் ஃபிக்ஹு நூல்களில் வக்ஃபுப் பாடத்தை அப்போதுதான் முடித்திருந்தார். கொடுத்தவர் பெயர், அவருடைய தகுதி, கொடுக்கப்பட்ட பொருள், பெறுபவர், கொடையின் நோக்கம் ஆகிய அனைத்தும் இக்கல்வெட்டில் இருக்கின்றனவே, இது வக்ஃபு பத்திரத்தின் அமைப்பல்லவா என்றார். உண்மையே. ஹிஜ்ரின் கல்லறை முகப்புகளிலும் உரிமையாளர் பெயர், அடக்கத்துக்கு உரியோர் பட்டியல், விற்கவோ அடகு வைக்கவோ கூடாதென்ற தடை, மீறினால் தண்டத் தொகை, மன்னன் ஹாரிஸாவின் ஆட்சியாண்டு என ஆவண முறைப்படியே எழுதப்பட்டுள்ளன. அழகர்மலைக் கல்வெட்டுகளில் மதுரையைச் சார்ந்த உப்பு வணிகன், பொன் வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன் எனக் கொடையாளர் ஒவ்வொருவரும் தம் தொழிலோடு குறிக்கப்படுகின்றனர். உப்பு விற்றவனின் பெயரும் பொன் விற்றவனின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் பதிவாகியிருக்கின்றன.

ஆனால், மாணவரின் கேள்வி அதற்கு அப்பாலும் சென்றது. பெறுபவர் கூட்டம் முழுவதும் மறைந்துவிட்டால் வக்ஃபு என்னாகும்? இக்குகைகளில் படுத்த துறவியர் இல்லை. அவர்களுக்குச் சோறிட்ட சமூகமும் இக்குன்றுகளை விட்டு எப்போதோ அகன்றுவிட்டது. இதற்கு நம் நூல்களில் தெளிவான விடை உண்டு. பெறுபவர் அற்றுப்போனாலும் வக்ஃபு அற்றுப்போவதில்லை. அது கொடுத்தவரின் உடைமையாகத் திரும்புவதுமில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் அதன் பயன் கொடுத்தவருக்கு நெருங்கிய உறவினரைச் சேரும். ஹனஃபி மத்ஹபில் ஏழைகளைச் சேரும். மாணவர்கள் இதனை அங்கேயே வாதிக்கத் தொடங்கினார்கள். கடலன் வழுதிக்கு இன்று நெருங்கிய உறவினர் யார்? மீனாட்சிபுரத்தாரா, மதுரையாரா, அவன் மொழியைப் பேசுவோர் அனைவருமா? ஷாஃபிஈகளாகிய பெரும்பாலோர் மொழியை உறவாகக் கொள்ள முனைந்தார்கள். ஹனஃபிகள் மூவர் அடிவாரத்து விவசாயிகளைச் சுட்டினார்கள். முஸ்லிமல்லாத ஒருவரின் பண்டைய கொடையை வக்ஃபுச் சட்டத்தில் வைத்துப் பேசுவது ஒப்புமைக்காகவே என்பதை நாம் நினைவூட்டினோம். எனினும் வாதத்தை நிறுத்தவில்லை.

ஏனெனில் அது வெறும் பாடசாலை வாதமன்று. மதுரை மாவட்டத்தின் குன்றுகள் பல கிரானைட் கற்களாக வெட்டி ஏற்றப்பட்டுவிட்டன. 2014இல் சென்னை உயர்நீதிமன்றம் உ. சகாயத்தை விசாரணைக்கு அமர்த்தியதும், 2015இல் அவர் அறிக்கை அளித்ததும் யாவரும் அறிந்தவை. மேலூர் வட்டாரத்தில் பயணம் செய்வோர் பாதி அறுக்கப்பட்ட மலைகளையும், நீர் தேங்கி நிற்கும் ஆழ்ந்த பள்ளங்களையும் இன்றும் காணலாம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193.42 ஹெக்டேர் நிலத்தைத் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தின் முதல் அறிவிப்பு அது. லகுடு வல்லூறும் தேவாங்கும் எறும்புத்தின்னியும் வாழும் இடம் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. சரியாக ஈராண்டு கழித்து, 2024 நவம்பரில், இப்பகுதியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டித் தொகுதியின் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் ஒரு நிறுவனம் தேர்வு பெற்ற செய்தி வந்தது. தொகுதியின் பரப்பு 2,015 ஹெக்டேருக்கும் மேல்.

அதன் பின் நிகழ்ந்தவற்றை மேலூர் வட்டாரத்தார் நெடுநாள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கிராமசபைகள் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஏலத்தை ரத்து செய்யக் கோரித் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரையை நோக்கி ஆயிரக்கணக்கான விவசாயிகள் நடந்து வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது. கண்மாய் நீருக்காகவும் நெல்லுக்காகவுமே அம்மக்கள் பெரும்பாலும் நடந்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால், அவர்கள் கூறிய காரணங்களுள் கல்லெழுத்தும் இடம்பெற்றிருந்தது. 1882இல் எவராலும் படிக்க இயலாதிருந்த ஆறு கல்வெட்டுகளை இன்று அவ்வூர்ப் பிள்ளைகள் தமதென்று சொல்கிறார்கள். ஹனஃபி மாணவர்கள் சுட்டிய வாரிசுகள் இவர்களே என்று சொல்லலாம்.

குகையைப் பற்றிய ஒரு குறையையும் எழுதிவிட வேண்டும். சுரங்கம் வராமற்போயினும் வேறு கைகள் ஓய்வதில்லை. மதுரைக் குன்றுகளின் படுக்கைகள் பலவற்றில் வருவோர் தம் பெயரைச் சாயத்தாலும் ஆணியாலும் எழுதிச் செல்கின்றனர். எழுத்துக்கு மேல் எழுத்து. பிராமி வரியை அறிஞர் விளக்கும்போது அதற்குக் கீழே சென்ற ஆண்டின் பெயரொன்று குறுக்கே கீறப்பட்டிருப்பதைத் தவிர்த்துக் காட்ட வேண்டியிருக்கிறது. வேலிக் கம்பியும் அறிவிப்புப் பலகையும் சில இடங்களில் உள்ளன. காவலர் எல்லா இடத்திலும் இல்லை.

அஸ்ருக்குப் பின் பேருந்தில் ஏறினோம். மாணவர்கள் தாம் படியெடுத்து வந்த எழுத்துகளைத் தாளில் விரித்து, 'கடலன்' என்னும் பெயரைத் தமிழ்ப் பிராமியிலும் இன்றைய தமிழிலும் அரபுத்தமிழிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அரபுத்தமிழில் டகரத்துக்குப் புள்ளி மேலா கீழா என்பதில் இருவருக்குள் தர்க்கம். ஊர் சேர்ந்ததும் கல்லூரி நூலகத்துப் பழைய அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்றைப் பார்த்து முடிவு செய்வதென்று ஒப்புக்கொண்டார்கள். அடுத்த பயணம் கொங்கர்புளியங்குளத்துக்கு.